பத்து சதவீதத்தில் நின்றுவிடுகிறது

அங்குல், ஒரிசா
14.8.2000

தாரணி,

நேற்று எஸ்.டி.டி. பூத்தில் என் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் "ரைட் கிளிக், அட, ரைட்டு, வலது பக்கம்" என்று கத்தியது எனக்கே அசிங்கமாக இருந்தது. இனிமேல் கம்ப்யூட்டர் விஷயம் போனில் வேண்டாம். எழுது. "என்னமோ ஆகுதுங்க" என்று எழுதாதே. திரையில் என்ன வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் நீ என்ன செய்தாய், இதெல்லாம் வேண்டும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறவன் வேறு எதை வைத்துப் பார்ப்பான்?

மெஷின் மெதுவாகிவிட்டது, ஹார்ட் டிஸ்க் ஓயாமல் கரகரக்கிறது. நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அதற்கு நாலு வயது ஆகிவிட்டது. எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி நான் பொறுக்கிப் பூட்டியது. மொத்தமே ஒன்றேகால் ஜி.பி. அதில் நீ கல்யாணப் பத்திரிகைக்கென்று அறுபது எழுத்துரு ஏற்றியிருக்கிறாய். பிள்ளையார் மட்டும் எத்தனை விதமாக வைத்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது. அழித்து, எழுதி, அழித்து, ஒரே கோப்பு டிஸ்கில் இருபது இடத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். அதைச் சேர்த்து வைக்கத்தான் டீஃப்ராக். முதலில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டு. பிழை இல்லை என்று வந்தபின் டீஃப்ராக் போடு. நாலைந்து மணி நேரம் ஆகும், நடுவில் எதையும் தொடாதே.

அதிலும் சரியாகாவிட்டால் ஒரே ஒரு விதிதான். ஒன்றே ஒன்றை மாற்று, பிறகு பார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

மாடி ரூம் சேஷகிரி "நான் வந்து பார்க்கட்டுமா" என்று கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம். சர்வீஸ் இன்ஜினியர் என்று அவன் சொல்லிக்கொள்வது பிரிண்டருக்கு மை ஊற்றுகிற வேலையைத்தான். அவன் கை பட்டால் நாலு ஸ்க்ரூ மிச்சமாகும்.

நரேஷ்


லிங்கராஜபுரம், பெங்களூர்
22.8.2000

நரேஷுக்கு,

நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே கால். ஸ்கேன்டிஸ்க் முடிந்தது, பிழை இல்லை என்று வந்தது. ஒன்பது நாற்பதுக்கு டீஃப்ராக் போட்டேன். பத்து சதவீதம் வரை போனது. பிறகு டிரைவில் உள்ளது மாறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று ஒரு வரி வந்தது. பூஜ்யம். மறுபடி எட்டு, ஒன்பது, பத்து. மறுபடி அதே வரி, மறுபடி பூஜ்யம். அதற்கு முன் நான் என்ன செய்தேன்? நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டேன். அதுவும் கூடாதா என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

மாலை ஆறு மணி வரை பதினேழு முறை பூஜ்யத்துக்கு வந்தது. நடுவில் சிவாஜிநகர் பிரஸ்ஸிலிருந்து சண்முகம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். "மேடம், ஆவணி கடைசி முகூர்த்தம், பொண்ணு வூட்டுக்காரங்க என் கடையிலேயே வந்து குந்திக்கிட்டு இருக்காங்க" என்கிறார். ஏழு பத்திரிகை பாதியில் நிற்கிறது. ஒரு பெயரைத் திருத்திச் சேமிக்க இரண்டு நிமிஷம் ஆகிறது. இந்த முகூர்த்தத்துக்குக் கொடுக்க முடியாவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது போனில் "மேடம்" குறைந்துவிட்டது.

சேஷகிரி பேப்பர் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தார். "ஏன் மேடம், இது பி.டி.எஸ். பஸ் மாதிரி ஒரே ஸ்டாப்பை சுத்தி சுத்தி வருது" என்றார். சிரித்துவிட்டேன். காப்பி போட்டிருந்த நேரம், ஒரு வாய் கொடுத்தேன். மெஷினைத் தொடவிடவில்லை. ஸ்க்ரூ எல்லாம் அப்படியே இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தாரணி


அங்குல்
29.8.2000

தாரணி,

டீஃப்ராக் ஓடும்போது வேறு ஏதாவது டிஸ்கில் எழுதினால்தான் அப்படி முதலுக்குப் போகும். ஸ்க்ரீன் சேவர் அதில் ஒன்று, முதலில் அதை எடுத்துவிடு. பிறகு கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்து. ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக மூடு. எக்ஸ்ப்ளோரர், சிஸ்ட்ரே இரண்டையும் விட்டுவிடு.

மெம்கார்ட் என்று இன்னொன்று இருக்கும். அதையும் தொடாதே. நினைவகத்தைக் கவனித்துக்கொள்ள நான் எழுதிப் போட்டது. அது போனால் மெஷின் தொங்கிவிடும்.

எதையும் தொடவிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. ஒரு வாய் காப்பி என்றால் எவ்வளவு? வாசலில் நின்றபடியே குடித்தானா, உள்ளே உட்கார்ந்தா? எந்த டம்ளரில் கொடுத்தாய்? என் நீலக் கப் என்றால் இப்போதே சொல்லிவிடு, வந்து நானே தூக்கிப் போட்டுவிடுகிறேன். பேப்பர் திருப்பிக் கொடுக்க வந்தான் என்றால், பேப்பர் தினமும் போகிறதா? இதை எப்போது ஆரம்பித்தாய்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இங்கே ராத்திரி பகல் இல்லாமல் பிளான்ட் கண்ட்ரோல் பேனலோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, ஊரில் எவனோ பஸ் ஜோக் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்தான் என்று படித்தால் சோறு இறங்குமா? நான் சொன்ன எந்த ஜோக்குக்கு நீ கடைசியாகச் சிரித்தாய்?

நரேஷ்


லிங்கராஜபுரம்
8.9.2000

நரேஷுக்கு,

எவர்சில்வர் டம்ளர். வாசலில் நின்றபடி. பேப்பர் ஞாயிற்றுக்கிழமை மட்டும், வேலை வாய்ப்புப் பக்கத்துக்காக. நீங்கள் கடைசியாக ஜோக் சொன்னது போன வருஷம் தீபாவளிக்கு, அதற்கு நான் சிரித்தேன். கேள்வி எல்லாம் முடிந்ததா?

ஸ்க்ரீன் சேவரை எடுத்தேன். பட்டியலில் நீங்கள் சொன்ன மூன்றைத் தவிர எல்லாவற்றையும் மூடினேன். அப்படியும் பத்து சதவீதத்தில் நின்று பூஜ்யத்துக்குத்தான் போனது.

சனிக்கிழமை சண்முகம் நேரிலேயே வந்துவிட்டார். "இன்னிக்கு சாயங்காலம் அச்சுக்கு ஃபிலிம் எடுக்கணும் மேடம், இல்லாட்டி நான் தலையில துண்டு போட்டுக்கணும்" என்று படியில் உட்கார்ந்துகொண்டார். சத்தம் கேட்டு சேஷகிரி இறங்கி வந்தார். வந்தவர் உள்ளே கால் வைக்கவில்லை, சண்முகத்துக்கு மேல்படியில் நின்றுகொண்டே சொன்னார். "மேடம், மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆன் ஆகும்போது எஃப் எட்டை விடாம தட்டுங்க. சேஃப் மோடுன்னு வரும். அதுல போங்க." தட்டியது நான்தான். படம் பெரிது பெரிதாக, வர்ணம் எல்லாம் வெளுத்துப்போய் வந்தது. டீஃப்ராக் போட்டேன். பத்தைத் தாண்டியது, இருபதையும் தாண்டியது. நாலு மணி நேரத்தில் நூறு. நான் கைதட்டியது கீழ் வீட்டு சொர்ணம் ஆன்ட்டிக்குக் கேட்டு "ஏம்மா, லாட்டரியா?" என்றார்கள்.

ஏழு பத்திரிகையும் அன்றைக்கே போய்விட்டது.

ஆனால் சாதாரணமாகத் திறந்து மறுபடி ஓட்டினால் திரும்பவும் பத்துதான். சேஷகிரி சொல்கிறார், சேஃப் மோடில் ஓடுகிறது என்றால், விண்டோஸோடு சேர்ந்து எழுந்திருக்கிற ஏதோ ஒன்றுதான் டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கிறதாம். பட்டியலைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "மெம்கார்டா? அது ஏனு, என்ன அது? நான் எங்கயும் பாத்ததில்லையே" என்றார். எங்க வீட்டுக்காரர் எழுதினது என்றேன். "ஓ, சார் எழுதினதா" என்றவர் அப்படியே மாடிக்குப் போய்விட்டார்.

அது என்ன செய்கிறது? சரியாக எழுதுங்கள்.

தாரணி


அங்குல்
15.9.2000

தாரணி,

நாலு மணி நேரம். டீஃப்ராக் நாலு மணி நேரம் ஓடியது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்த நாலு மணி நேரமும் அவன் எங்கே இருந்தான்? சண்முகம் எப்போது போனார்? யார் எந்தப் படியில் நின்றார்கள் என்பது வரைக்கும் எழுதத் தெரிந்தவளுக்கு இது எழுதத் தெரியவில்லையா?

எஃப் எட்டை எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாயா? அடுத்த கடிதத்தில் நானே அதைத்தான் சொல்ல இருந்தேன். ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை உன்னால். அந்த மெஷினில் ஒவ்வொரு ஒயரையும் என் கையால் செருகியிருக்கிறேன். வீட்டுக்குள் வராமலேயே மேல்படியில் நின்று ஒருத்தன் அதைச் சரிசெய்கிறான், நீ கைதட்டுகிறாய்.

மெம்கார்ட் என்ன செய்கிறது என்று சொன்னால் உனக்குப் புரியாது. மெமரி சமாச்சாரம். அவனுக்கும் புரியாது.

இனி டீஃப்ராக் வேண்டாம். எதையும் நிறுத்திப் பார்க்க வேண்டாம். மெஷினை அணைத்து உறையைப் போட்டு மூடி வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு லீவு தரமாட்டார்கள், டிசம்பர் ஆகிவிடும். அதுவரை ஆர்டர் எடுக்க முடியாது என்று சண்முகத்திடம் சொல்லிவிடு. பத்திரிகை அடித்துத்தான் நம் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரையும் நிறுத்து.

நரேஷ்


லிங்கராஜபுரம்
27.9.2000

நரேஷுக்கு,

ஒன்றே ஒன்றை மாற்று, பிறகு பார் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல விதி. நேற்று ஒன்றே ஒன்றை மாற்றினேன். மெம்கார்டை மட்டும் மூடினேன்.

மெஷின் தொங்கவில்லை. சாதாரணமாகத் திறந்த விண்டோஸிலேயே டீஃப்ராக் பத்தைத் தாண்டி நூறு வரை போனது. டிஸ்கின் கரகரப்பும் நின்றுவிட்டது. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பழகிவிட்டேனா, அறை ஒரு மாதிரி இருந்தது.

அது எங்கே எழுதிக்கொண்டிருந்தது என்று தேடினேன். கண்டுபிடித்தேன். ஒரே கோப்பு, எட்டு எம்.பி. திறந்தால் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளி, கமா, நடுநடுவே தேதியும் மணியும். வேறு யாராக இருந்தாலும் குப்பை என்று மூடியிருப்பார்கள். நான் தினமும் எட்டு மணி நேரம் தமிழ் டைப்ரைட்டர் முறையில் அடிக்கிறவள். தமிழ் எழுத்துருவில் அடித்ததை ஆங்கில எழுத்துருவில் திறந்தால் இப்படித்தான் தெரியும், பிரஸ்ஸில் வாரத்துக்கு ஒரு தடவை நடக்கிறதுதான். முழுவதையும் தேர்ந்தெடுத்து என் தமிழ் எழுத்துருவைப் போட்டேன்.

"நிகழும் மங்களகரமான" என்று வந்தது. நான் அடித்த பத்திரிகை. அதற்குக் கீழே அம்மாவுக்கு நான் எழுதிய கடிதம். அதற்குக் கீழே உங்களுக்கு எழுதியது. கடிதங்களை முதலில் அதில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுதுவேன், உங்களுக்குத் தெரியாது. இல்லை, தெரிந்துகொள்ளத்தான் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். நான் அழித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறி இருக்கிறது. அழித்த பிறகும் எழுத்து இருக்கிறது.

அப்போது நான் தனியாகத்தான் இருந்தேன். சேஷகிரி நாலு நாளாகத் தும்கூரில். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஏன் என்று எழுதுங்கள். மெமரி சமாச்சாரம் என்று எழுதாதீர்கள்.

தாரணி


அங்குல்
4.10.2000

தாரணி,

ஆமாம். நான்தான் எழுதினேன். தட்டுகிறதையெல்லாம் சேர்த்துவைத்து, தட்டாவிட்டாலும் பத்து வினாடிக்கு ஒருமுறை மணியைப் பதிவுசெய்கிற புரோகிராம். டீஃப்ராக்கை நிறுத்தியது அதுதான். நீ பதினேழு முறை பூஜ்யம் என்று எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே ஸ்க்ரீன் சேவர் என்றேன்.

செய்தது தப்பு. ஆனால் நீ ஏன் என்று கேட்கிறாய், சொல்கிறேன். எல்லாம் அந்தச் சேஷகிரியால் வந்தது. அவன் மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. எதற்கெடுத்தாலும் "மேடம், மேடம்". நானோ எட்டு மாதம் வெளியூர் போகப்போகிறேன். எவனாக இருந்தாலும் யோசிப்பான். அவன் வராமல் இருந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன். சத்தியமாக.

அதில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்புகிற வாரம் ஒரு தடவை திறந்தேன். ஒரே ஆங்கிலக் குப்பையாக இருந்தது. புரோகிராமில் பிழை, வந்து சரிசெய்யலாம் என்று மூடிவிட்டேன். நீ தமிழில் அடிக்கிறாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எழுத்துருவை மாற்றிப் பார்க்கத் தோன்றியிருந்தால் படித்திருப்பேன். அதையும் மறைக்கவில்லை.

அழித்துவிடு அதை. அவனிடம் சொல்லிவிட்டாயா?

நரேஷ்


லிங்கராஜபுரம்
12.10.2000

நரேஷுக்கு,

அவரிடம் சொல்லவில்லை. பட்டியலைப் படித்துக் காட்டிய அன்றைக்கே அவர் ஊகித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பேசாமல் மாடிக்குப் போனது அதனால்தான்.

சேஷகிரி குடிவந்தது ஜூன் பதினொன்று. ஒற்றைக் கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் டெம்போவில் வந்து இறங்கியதை நாம் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். "குடும்பம் இல்லாதவன், தண்ணி சண்டை வராது" என்று சொன்னது நீங்கள்தான்.

கோப்பின் முதல் வரி ஏப்ரல் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. டெஸ்டிங், டெஸ்டிங், டெஸ்டிங் என்று மூன்று தடவை. பிறகு ஆங்கிலத்தில் என் பெயர். அது நீங்கள் அடித்தது. உங்கள் புரோகிராம் முதலில் பிடித்தது உங்களைத்தான்.

ஏப்ரலில் மாடி ரூம் பூட்டிக் கிடந்தது. ஒரிசாப் பேச்சே அப்போது இல்லை. அப்படியென்றால் யார்மேல் சந்தேகம்? இரண்டு நாள் யோசித்தேன். முந்தின நாள் என்ன நடந்தது என்று ஞாபகம் வந்தது. சண்முகம் முதல்முதலாக வீட்டுக்கு போன் செய்தார். நீங்கள் எடுத்தீர்கள். "தாரணி மேடம் இருக்காங்களா? நீங்க யாரு பேசறது?" என்றாராம். அதை நீங்களே நடித்துக் காட்டினீர்கள், நான் சிரித்தேன். நீங்கள் சிரித்தீர்களா என்று பார்க்கவில்லை.

நீங்கள் சேஷகிரியைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. அவர் பின்னால் வந்தவர். உங்களுக்குப் பொறாமை அந்த போன் வந்த அன்றைக்கே. அதை ஒத்துக்கொள்வதற்கு ஆம்பளைப் பேர் ஒன்று வேண்டியிருந்தது உங்களுக்கு.

இன்றைக்குக் காலையில் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டேன். என் வேலையெல்லாம் இருபத்துமூன்று ஃப்ளாப்பியில் எடுத்துவைத்துக்கொண்டு, விண்டோஸை மறுபடி நானே ஏற்றினேன். மதியம் மூன்று மணிக்கு முடிந்தது. பாஸ்வேர்டும் வைத்திருக்கிறேன். ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஒன்பது பத்திரிகை கையில் இருக்கிறது.

அந்தக் கோப்பை அழிப்பதற்கு முன் கடைசிவரை படித்தேன். உங்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வரியை ஒன்பது தடவை அடித்து ஒன்பது தடவை அழித்திருக்கிறேன். நீங்கள் கிளம்பிய வாரத்திலிருந்து போன மாதம் வரைக்கும். தாளுக்கு ஒரு தடவைகூட அது வரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு வழி இருந்தது. எழுத்துருவை மாற்றியிருந்தால் போதும். இப்போது அது இல்லை.

தாரணி


அங்குல்
17.10.2000

தாரணி,

ஏப்ரல் ஒன்று. அன்றைக்கு "நீங்க யாரு பேசறது" என்று சண்முகம் கேட்டதும், "நான் தாரணியோட வீட்டுக்காரர்" என்றேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன் நான் சொன்னதே இல்லை. கல்யாணமான நாலு வருஷமும் நீதான் "நரேஷ் மிஸஸ்". ஆபீஸில், தெருவில், கேஸ் புக்கிங்கில், எல்லா இடத்திலும். போனை ஓரமாக வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட வந்தேன். நான் பூட்டிய மெஷினில், எனக்குத் தெரியாத விசை முறையில், விசைப்பலகையைப் பார்க்காமலே வேகமாக அடித்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து நின்றதுகூட உனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை உட்கார்ந்து அந்த புரோகிராமை எழுதினேன். போன கடிதத்தில் சத்தியம் என்றது பொய்.

லீவு கிடையாது என்றார்கள். சண்டை போட்டு வாங்கிவிட்டேன். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவேன். வரவேண்டாம் என்றால் சொர்ணம் ஆன்ட்டியை விட்டுச் சொல்லவைக்காதே, நம் வீட்டு போனில் நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து கூப்பிடுகிறேன். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் பரவாயில்லை.

பாஸ்வேர்ட் கேட்கமாட்டேன். அந்த வரியையும் கேட்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முன்னால் எழுதிய மூன்றையும் கசக்கிக் கூடையில் போட்டிருந்தேன். எடுத்து நீவி, இதே உறையில் வைத்திருக்கிறேன். இரண்டாவதில் சேஷகிரியை மறுபடி இழுத்திருக்கிறேன், மூன்றாவதில் உன்னை. அடித்துவிட்ட இடங்களை மை பூசி மறைக்கவில்லை. ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாம் படிக்க வரும்.

நரேஷ்